தொப்பி இல்லாத ஆட்டங்கள்

யார்க்‌ஷயர்,
18 நவம்பர் 1946

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மா கட்டிக் கொடுத்த, இறைச்சி அடைத்த பாஸ்டி எல்லாம் ரயில் எக்ஸிடர் தாண்டுவதற்குள் காலி.

அடுத்த மாதத் தேர்வு ஆட்டத்துக்கு இங்கிலாந்து என்னைக் கூப்பிட்டதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டீர்களாமே. ரக்பி மன்றச் செயலாளரான உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? போர்க்காலத்தில் நாட்டுக்காக நான்கு முறை ஆடினேன். நாட்டு அணியில் ஆடியவருக்குத் தரும் தொப்பி அந்த ஆட்டங்களுக்குக் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். வயது முப்பத்தொன்று. இந்தத் தடவை தொப்பி வாங்காவிட்டால் அப்புறம் எங்கே வாங்குவது?

பட்டாளத்தில் என்னோடு ஆடிய ஹோரஸ் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். சனிக்கிழமை அவனுடைய ரக்பி லீக் அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. "சும்மா நிக்கறதுக்கு வந்து ஓடேன்டா. பட்டாளத்துல சேர்ந்து ஆடலையா நாம?" என்றான். அவர்கள் காசுக்கு ஆடுகிறவர்கள், நம் மன்றத்துக்கு ஆகாதவர்கள். நான் காசு வாங்கவில்லை, தேநீர் மட்டும் குடித்தேன். இரண்டு முறை கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தேன், உடம்பு இன்னும் ஓடுகிறது அப்பா.

அன்பு மகன்,
டென்சில்

கார்ன்வால்,
25 நவம்பர் 1946

மதிப்பிற்குரிய திரு. டென்சில் ட்ரெகியர் அவர்களுக்கு,

லீக் ஆட்டத்தில் பங்கேற்றதாகத் தாங்களே தெரிவித்துள்ளீர்கள். ஊதியம் பெறாவிட்டாலும் அது குற்றமே. படையினருக்குப் போர்க்காலத்தில் அளிக்கப்பட்ட விலக்கு முடிந்துவிட்டது. விவரத்தை லண்டனுக்கு அறிவித்தேன். தேர்வு ஆட்ட அழைப்பு ரத்து செய்யப்பட்டது. ஆயுள் முழுவதும் எங்கள் ஆட்டத்தில் தங்களுக்கு இடமில்லை.

ஜேபஸ் ட்ரெகியர்,
கௌரவச் செயலாளர்

யார்க்‌ஷயர்,
28 நவம்பர் 1946

அப்பா,

கடிதத்தைப் படித்துவிட்டு ஹோரஸ் சிரித்தான். "உங்கப்பாவுக்குக் குசும்பு ஜாஸ்திடா. பெத்த பிள்ளைக்குத் திருவாம், அவர்களாம்" என்றான். என் முகத்தைப் பார்த்ததும் கடிதத்தை மறுபடி வாங்கிப் படித்தான்.

உங்களைப் பொய் சொல்லச் சொல்லவில்லையே. சும்மா இருந்திருந்தால் போதுமே. வேறு யாராவது என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் அவன் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போட்டிருப்பீர்கள். குண்டு விழுந்த காலத்தில் ஹோரஸோடு ஆடச் சொன்னவர்கள் யார்? இப்போது அவனோடு ஆடினால் ஏதாவது ஒட்டிக்கொள்ளுமா? அப்பாவுக்குத்தான் எழுதினேன். செயலாளர் எதற்காகப் பிரித்துப் படித்தார்?

ஹோரஸின் அணி கூப்பிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி இந்த ஊர்தான்.

டென்சில்

கார்ன்வால்,
9 டிசம்பர் 1946

என் டென்சிலுக்கு,

அம்மா என்னோடு பேசுவதில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

போன வசந்தத்தில் ரொட்டிக்கடை ஜோரியின் மகனை இதே காரணத்துக்கு நீக்கியது நான்தான். "என் பையன் பாவம், தெரியாம செஞ்சுட்டான், விட்டுடுங்க" என்று ஜோரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் விடவில்லை. உனக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? அதை மட்டும்தான் நினைத்தேன். உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைக்கவில்லை. அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பாமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்று அம்மா உன் அறையைத் துடைத்து வைத்திருக்கிறாள். ரயிலடிக்கு நான் வரலாமா, வேண்டாமா என்று மட்டும் ஒரு வரி எழுது.

அப்பா