முதுகுக்குச் சொன்னது

என் சத்தக்கார அப்பாவுக்கு,

உனக்குக் கேட்கவில்லை. இதைத்தான் முதலில் எழுத வேண்டும். ஐந்து வருடமாக உனக்குக் கேட்டுவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. நேற்றுத்தான் தெரிந்தது.

இன்று காலை ஏழு மணி வரை தூங்கினேன். அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் நின்றாள். நான் இப்படித் தூங்கி அவள் பார்த்ததில்லை.

அந்த விஜயதசமி உனக்கு நினைவிருக்கிறதா? ஆயுத பூஜைக்கு மறுநாள், கம்பெனி லீவு. நான் சென்னையில் எம்.ஏ. இரண்டாம் வருடம். விடுமுறைக்கு ஓசூர் வந்திருந்தேன். நீ பிரவுன் நிறக் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு என் தலைமாட்டில் நின்றாய்.

"எந்திரிடா சாமி. தளிப் பக்கம் ஒரு மலை இருக்குதாம். முனிராஜு சொன்னான். ஏறிட்டு வந்துரலாம்."

"எதுக்குப்பா?" என்றேன், போர்வைக்குள்ளிருந்து.

நீ பதில் சொல்லவில்லை. பூஜைப் பொரியைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாய்.

மலை ஏறுவதற்காகவே மலை ஏறுகிற ஆள் நம் வகையறாவில் கிடையாது. ஊத்தங்கரைப் பக்கம் கூலிக்குக் களை வெட்டிய குடும்பம். மலைக்குப் போனால் விறகோடு திரும்ப வேண்டும், அல்லது மொட்டையோடு. நீ மட்டும் ஏன் சும்மா ஏற ஆசைப்பட்டாய்? என்னோடு ஒரு நாள் வேண்டும் என்றா? அன்று அதைக் கேட்டிருக்கலாம்.

பஸ்ஸில் நீ பேசியது முழு பஸ்ஸுக்கும் கேட்டது. "எம் பையன். மெட்ராஸ்ல எம்.ஏ. படிக்கிறான்." கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். நீ அவரைப் பார்த்து மகிழ்ச்சியாகச் சிரித்தாய். அவர் கேட்டது, எங்கே இறங்க வேண்டும் என்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணாடி முழுக்கப் பனி. பார்க்க ஒன்றுமில்லை. இருந்தும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

முந்தின நாளை நான் இன்னும் விழுங்கியிருக்கவில்லை. பூஜைக்கு என்னை உன் பிரஸ் ஷாப்புக்குக் கூட்டிப்போயிருந்தாய். தகட்டை வைத்தால் ஒரே அடியில் வெட்டி வளைத்துத் தள்ளும் எந்திரங்கள். அன்று எல்லாம் ஓய்ந்து, சந்தனமும் குங்குமமுமாக நின்றன. உன் பிரஸ்ஸுக்கு நீயும் உன் ஜோடி முனிராஜு மாமாவும் சாமந்தி மாலை போட்டிருந்தீர்கள். ஒரு பிரஸ்ஸுக்கு இரண்டு பேர் என்பதால் ஜோடி. நீ என்னை ஒவ்வொருவரிடமும் கூட்டிப்போய்க் காட்டினாய்.

உன் அதிகாரி வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். உன் பின்னால் நின்றபடி என்னிடம் சொன்னார்: "உங்கப்பாவா? எத்தன தடவ சொன்னாலும் இவர் மண்டையில ஏறாதுப்பா." என் பார்வை போன பக்கம் நீ திரும்பினாய். அவரைப் பார்த்தாய். கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாய். சிரித்துக்கொண்டே இருந்தாய்.

அந்தச் சிரிப்பைத்தான் மறுநாள் மலைக்குச் சுமந்து வந்தேன்.

தளியில் இறங்கி முட்டைக்கோஸ் வயல்களைத் தாண்டி நடந்தோம். குளிர். மூக்கு நுனி என்னுடையதாக இல்லை. வாயைத் திறந்தால் புகை வந்தது. உண்ணிச்செடிகளுக்கு நடுவே பாதை ஏறியது, ஒரு ஆள் அகலம். நீ முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று என் முகத்தைப் பார்த்தாய். நான் பார்வையை விலக்கினேன்.

"மூஞ்சியப் பாத்துப் பேசுடா." சின்ன வயதிலிருந்து நீ சொல்லி வந்தது. மரியாதைக்குச் சொல்கிறாய் என்று நினைத்திருந்தேன்.

பாதி மலையில் பேச ஆரம்பித்தேன். உன் முதுகிடம். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. முதுகு வசதியாக இருந்தது. நீல ஸ்வெட்டர். வலது தோளுக்குக் கீழே அம்மா கறுப்பு நூலில் போட்ட தையல். அந்தத் தையலிடம் சொன்னேன்.

சொன்னதை இங்கே எழுதுவதா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். கேட்காமல் தப்பித்தவனுக்கு எதற்கு எழுதிக் காட்ட வேண்டும்? ஆனால் மறைத்தால், மறுபடியும் உன் முதுகுக்குத்தான் பேசுகிறேன்.

"ஹாஸ்டல்ல எங்கப்பா இன்ஜினியர்னு சொல்லி வச்சிருக்கேன். நேத்து அந்த ஆளு என் முன்னாடியே உன்னக் கேவலமாப் பேசறான், நீ பல்ல இளிச்சுக்கிட்டு நிக்கற. உன்னப் பாத்தா எனக்கு அசிங்கமா இருக்குதுப்பா. உன்ன மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான் படிக்கறேன். இனிமே நான் லீவுக்கு வரமாட்டேன்."

இதையே திருப்பித் திருப்பி, வேறு வேறு விதமாக. மேடு முழுக்க.

நீ நடந்துகொண்டே இருந்தாய். அதற்கு முன்பு திருப்பத்துக்குத் திருப்பம் திரும்பியவன், நான் பேசத் தொடங்கிய பிறகு ஒரு முறைகூடத் திரும்பவில்லை. முள்கிளை ஒன்று பாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. அதை வளைத்து, என்மேல் அடிக்காமல் நான் கடக்கும் வரை பிடித்திருந்தாய். அப்போதும் முகம் முன்னால்தான்.

உச்சிப் பாறையில் உட்கார்ந்து பொரியைப் பிரித்தாய். "நமத்துப்போச்சு. பரவால்ல, தின்னு." தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கி என் பக்கம் தள்ளினாய். கீழே எல்லாம் வெள்ளை. "அந்தப் பக்கம் கர்நாடகா," என்றாய். "பனிக்கு பார்டரு தெரியல பாரு." உன் முகத்தில் கோபம் இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தாய். அதுதான் என்னைக் கொன்றது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இந்த மனிதர் எனக்குத் தேங்காய் பொறுக்கித் தருகிறார் என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு நான் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், பார். மார்கழியில் தந்தி வந்தது. நெஞ்சுவலி, முதல் ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு. நான் வந்தபோது உன்னை வாசலில் கிடத்தியிருந்தார்கள்.

அதன் பிறகு ஆராய்ச்சி என்று சென்னையிலேயே இருந்தேன். ஆயுத பூஜை சமயத்தில் மட்டும் எப்படியோ வேலை வந்துவிடும். அம்மா எதுவும் கேட்கவில்லை. இந்த ஜூனில்தான் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்து வீட்டோடு வந்தேன். தினமும் ஓசூரிலிருந்து பஸ். குருபரப்பள்ளி வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அன்றைய பாடத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். நம் லைன் வீட்டுக்கு எதிரே ராகி விளைந்த நிலம் இப்போது ஒரு பட்டறையின் தகரக் கொட்டகை. ராகியைவிடச் சத்தம் அதிகம். அம்மாவுக்கு அது பழக்கம்தான்.

நேற்று ஆயுத பூஜை. முனிராஜு மாமா வந்தார். வருடா வருடம் பூஜை முடிந்ததும் உன் பங்குப் பொரியை அம்மாவிடம் கொண்டுவந்து கொடுப்பாராம். ஜோடி போன பிறகும் பங்கு போகக்கூடாதாம். எனக்கு இதுவும் தெரியாது.

பேசிக்கொண்டிருந்தார். எழுந்தார். எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து செருப்பைத் தேடினார்.

"டீ குடிச்சிட்டுப் போங்க மாமா," என்றேன்.

பதில் இல்லை. மறுபடி சொன்னேன். அவர் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடினார். அம்மா உள்ளேயிருந்து வந்து அவர் தோளில் ஒரு தட்டு தட்டினாள். திரும்பினார்.

"டீ."

"ஹௌதக்கா, குடுங்க குடுங்க," என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "முதுகுக்குப் பேசினா அவருக்கு எப்படிடா கேக்கும்? பிரஸ் ஷாப்புல பதினஞ்சு வருஷம். உங்கப்பனுக்கும் இதே கததான்."

"என்ன கத?"

"காதுதான்."

கையிலிருந்த பொரியைக் கீழே வைத்தேன். "அப்பாவுக்குக் காது கேக்காதா?"

முனிராஜு மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "ஏன் தம்பி, நீ எம்.ஏ. தானே?"

அப்பா, எனக்கு எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டாய். வருடத்துக்கு ஒரு முறை கம்பெனியில் காது பார்க்க வருவாராம் டாக்டர். பின்னால் நின்று ஒரு எண்ணைச் சொல்வார், நீ திருப்பிச் சொல்ல வேண்டும். எதிர் வரிசையில் முனிராஜு மாமா நின்று, டாக்டரின் வாயைப் பார்த்து இடுப்புக்குக் கீழே விரலைக் காட்டுவார். அஞ்சு. எட்டு. மூணு. அடுத்து அவர் முறைக்கு நீ காட்டுவாய். "ஒரு தடவ டாக்டர் சும்மா தும்மினார். நான் மூக்கச் சொறிஞ்சேன். உங்கப்பன் ஒண்ணுன்னுட்டான்," என்று மாமா தொடையில் அடித்துக்கொண்டார். கேட்கவில்லை என்று தெரிந்தால் பிரஸ்ஸை விட்டு எடுத்து, கூட்டிப் பெருக்க அனுப்பிவிடுவார்களாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லலம்மா?"

"சொன்னா நீ கத்திக் கத்திப் பேச ஆரம்பிச்சிருவியாம். நீ மெல்லப் பேசறப்ப உன் வாயப் பாத்துக்கிட்டு இருக்கறது அவருக்குப் புடிக்கும்."

அப்போதுதான் கேட்டேன். முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கேட்டேன். "மாமா, நாங்க மலைக்குப் போனோமே. அப்ப அவருக்கு எவ்வளவு கேக்கும்?"

"அந்த வருஷமா? எதிர்ல நின்னா வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவான். முதுகுப் பக்கம் ஆனை பிளிறினாலும் தெரியாது." டீயை ஒரு வாய் குடித்தார். "ஆனா அந்த மலைய நெனச்சு எவ்ளோ நாளு சிரிச்சான் தெரியுமா? மறுநா ஷிப்டுக்கு வர்றான், மூஞ்சில அப்படி ஒரு வெளிச்சம். என்னடான்னேன். எம் பையன் மலை முழுக்கப் பேசிக்கிட்டே வந்தான்டா முனிராஜுன்னான். என்ன பேசினான்னேன். எவனுக்குக் கேட்டுதுன்னான்."

"கேக்கலன்னா, பேசினேன்னு எப்படித் தெரியும்?"

"குளுருல்ல. தோள் பக்கமாப் புகை வந்துக்கிட்டே இருந்துச்சாம். திரும்பினா நீ நிறுத்திருவியாம். அதனால கடைசி வரைக்கும் திரும்பவே இல்லையாம்."

நான் வெளியே போய் அந்தத் தகரக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு. ஐந்து வருடமாக நெஞ்சுக்குள் மடக்கி வைத்திருந்த ஏதோ ஒன்று காலை நீட்டியது.

உன் அதிகாரி சொன்னதும் உனக்குக் கேட்கவில்லை. அது பயந்தவனின் சிரிப்பு அல்ல. என்ன சொன்னார் என்று தெரியாதவனின் சிரிப்பு. கண்டக்டருக்குக் கொடுத்த அதே சிரிப்பு. நான் அதற்கு ஒரு தத்துவமே கட்டியிருந்தேன். படித்தவன் அல்லவா.

அப்பன் செவிடு என்று தெரிந்து நிம்மதி அடைகிற மகன் எப்படிப்பட்டவன்? அந்தக் காதுகளைக் கொடுத்துத்தானே நான் படித்தேன்? இந்தக் கேள்விகளும் நேற்றே வந்துவிட்டன. வாசலில் நிற்கின்றன. நிற்கட்டும். ஆனால் நிம்மதிதான் முதலில் உள்ளே வந்தது. உன்னிடம் அதை மறைக்கப் போவதில்லை.

நீ செய்தித்தாளை உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படிப்பாய். இதைப் படிக்கக் காது வேண்டாம். மேலே நான் எழுதியிருக்கும் அந்த வார்த்தைகளுக்கு வரும்போது உன் உதடு நிற்கும். நிற்கட்டும் அப்பா. அதுவும் நான் சொன்னதுதான். அதன் பிறகு இதையும் படி: கல்லூரியில் சேர்ந்த அன்று பக்கத்து மேசைக்காரர், உங்கள் அப்பா என்ன செய்தார் என்று கேட்டார். இன்ஜினியர் என்று வாய் வரை வந்தது. பிரஸ் ஆபரேட்டர் என்றேன். உனக்குக் கேட்கவில்லை என்று தெரிவதற்கு நான்கு மாதம் முந்தியே.

இன்று விஜயதசமி. வெளியே தூறல். முனிராஜு மாமா பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பார். அம்மா பொரியை இரண்டு காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருக்கிறாள், நமக்காமல் இருக்க. அதே மலை, அதே ஒரு ஆள் அகலப் பாதை. இந்த முறை நான் முன்னால் போகிறேன். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நிற்பேன், திரும்புவேன், முகத்தைப் பார்த்து மெல்லச் சொல்வேன். உச்சிக்குப் போக மத்தியானம் ஆகிவிடும். ஆகட்டும். கசப்பானது என்றாலும் சரி, இனி யாருடைய முதுகுக்கும் எதையும் சொல்ல மாட்டேன்.

மலை முழுக்கப் பேசிக்கொண்டே வந்த
உன் மகன்