குழந்தை கடத்துபவரின் மனைவி

மார்ச் 4, செவ்வாய்

குழந்தைகள் காப்பகத்தில் எங்கள் குட்டியை இவரிடம் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். பெற்ற அப்பாவிடம்! காரணம், நேற்றைய ஏழரை மணி டிவி தொடரில் இவர் தன் அண்ணனின் குழந்தையைக் காய்கறிப் பையில் வைத்துக் கடத்திக்கொண்டு போனது.

இத்தனை வருடம் பக்கத்து வீட்டுக்காரர், தபால்காரர், பிணம் என்று வந்துபோனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போதுதான் உருப்படியாக ஒரு வேடம்.

ஆபீசிலிருந்து ஓடினேன். காப்பக அக்கா சாவகாசமாக, "நடிப்புன்னு எனக்குத் தெரியாதாம்மா? மத்த அம்மாங்களும் பாக்குறாங்கல்ல. முதல்ல அந்தக் குழந்தைய எங்க வச்சிருக்காருன்னு சொல்லச் சொல்லு" என்றார்.

இவர் வாசலில் நின்று நிஜமாகவே யோசிக்கிறார். "எனக்கே தெரியாதுக்கா. இன்னும் எழுதல."

இதெல்லாம் ஒரு பதிலா?

மார்ச் 6, வியாழன்

குட்டியைக் கூட்டிவர மூன்றாவது நாளாக நாலு மணிக்கே கிளம்பினேன். மேனேஜர் கடிகாரத்தை மட்டும் பார்த்தார். அதற்குத் திட்டியே இருக்கலாம். பிரசவத்துக்கு அப்புறம் நாயாய் அலைந்து வாங்கிய வேலை – போய்விடும் போலிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

இவர் இயக்குநரிடம் முறையிட்டிருக்கிறார். "காப்பகத்துலயே பயப்படுறாங்களா?" என்று அவர் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். கடத்தல் இன்னும் நீளுமாம். அடுத்த வாரத்திலிருந்து கொடூரச் சிரிப்பும் உண்டாம்.

மார்ச் 9, ஞாயிறு

இவர் குட்டியைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றினார். தொடரில் பையில் வைக்கும் முன் சுற்றினாரே, அச்சு அசல் அப்படியே. இடது கையில் தலை, வலது கையில் கால்.

"என்ன பாக்குற?"

"சும்மா."

"நீயுமா?" என்றார்.

சீ, என்ன பிறவி நான். புள்ளியியல் பட்டதாரி. ஆனாலும் வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

கதை எழுதுபவருக்கு நானே போன் போட்டேன். "சார், அந்தக் குழந்தையத் திருப்பிக் குடுத்துடச் சொல்லுங்க."

"குடுத்துட்டா உங்க வீட்டுக்காரருக்கு இங்க என்னம்மா வேலை?"

வைத்துவிட்டேன். என் வேலையா, இவர் வேடமா? இவரிடம் சொன்னேன். முகம் கழுவப் போனார்.

மார்ச் 14, வெள்ளி

யாரிடமும் கேட்காமல் செய்துவிட்டு வந்திருக்கிறார். இன்றைய காட்சிப்படி குழந்தையோடு பின்வாசல் வழியாக ஓட வேண்டும். இவர் முன்வாசலுக்குப் போய், அண்ணியாக நடிப்பவரின் மடியில் வைத்து, "பசிக்குது போல அண்ணி, பாத்துக்கங்க" என்று உட்கார்ந்துவிட்டாராம். அந்தம்மா நிஜமாகவே அழ, கேமராவை நிறுத்தவில்லை. இயக்குநர் "பிரமாதம்யா" என்றாராம். அதே மூச்சில், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"நீ அந்தத் துண்டப் பாத்த பார்வை தாங்கல."



மார்ச் 20, வியாழன்

நேற்று அந்தக் காட்சி வந்தது. இன்று காப்பக அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே குட்டியை இவர் கையில் கொடுத்தாராம். "மனுஷன் திருந்துறதுதான் பெருசு தம்பி." இவரும் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே அப்படிச் செய்ய மாட்டேன்க்கா" என்றாராம்.

ஆறு மணி வரை ஆபீசில் இருந்தேன்.

ஏப்ரல் 23, புதன்

வேறொரு தொடரில் இவர் இப்போது குழந்தை டாக்டர். மூக்குக் கண்ணாடி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். குட்டியைக் கூட்டிவரப் போனால் திரும்ப ஒரு மணி நேரமாகிறது – காப்பக வாசலில் அம்மாக்கள் பிள்ளைகளோடு வரிசையில் நிற்கிறார்களாம். "நான் டாக்டர் இல்லீங்க" என்றால், "தெரியும் சார், இந்தத் தொண்டைய மட்டும் பாருங்க." எல்லாரையும் நிஜ டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்புகிறார். டாக்டரே சொல்லிவிட்டார் என்று அவர்களும் போகிறார்கள்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். சாப்பிட்ட பிறகு, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, தூக்கமே வருவதில்லை என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நாடி பிடித்தார்.

"ஒண்ணும் பயமில்லம்மா. ராத்திரி உக்காந்து டைரி எழுதறத மட்டும் குறைச்சுக்கங்க."

சரிங்க டாக்டர் என்றேன்.

மணி ஒன்பதுகூட ஆகவில்லை. படுக்கப் போகிறேன்.