நாற்காலியில் உட்கார்ந்திருந்த பத்து நிமிடம்

அனுப்புநர்:
லாரி மெக்கானிக்கின் மனைவி,
தையல் தொழிலாளி,
மூன்றாம் மாடி, பின்பக்க வீடு.

பெறுநர்:
மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள்.

பொருள்: கட்டிலில் பொருத்தும் கைப்பிடி கோரிய மனு தள்ளுபடியானது – மறு ஆய்வு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் இருபத்தாறு ஆண்டுகள் லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவர். முதுகுத்தண்டு நோயால் இரண்டு ஆண்டுகளாக அவர் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்து, இப்போது கட்டை விரலைக்கூட அசைக்க முடிவதில்லை. கைகளில் மட்டும் பழைய பலம் அப்படியே இருக்கிறது. பிடித்து எழத்தான் ஒன்றும் இல்லை.

2. கட்டிலின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடியும் தலைக்கு மேல் தொங்கும் ஒரு பிடியும் இருந்தால் அவரே புரண்டு படுப்பார் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதை இணைத்து விண்ணப்பித்தேன். ஆறு மாதம் நடையாய் நடந்ததில், தங்கள் அலுவலகக் காவலாளி "வாங்கக்கா, இன்னும் முடியலையா?" என்று விசாரிக்கும் அளவுக்குப் பழகிவிட்டார்.

3. தங்கள் ஆய்வாளர், வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்திருந்தார். அங்கேதான் தவறு நடந்தது, தவறு என்னுடையது. அதிகாரி வருகிற நேரத்தில் மனிதர் கிழிந்த பனியனோடு படுத்துக் கிடந்தால் நன்றாகவா இருக்கும் என்று நினைத்துவிட்டேன். கொழுந்தனாரை வரச்சொல்லி, முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, இருவருமாகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். சரிந்துவிடாமல் இடுப்பைத் துண்டால் நாற்காலியோடு கட்டி, அது தெரியாமல் போர்வையும் போர்த்தினேன். அவரும் தன் பங்குக்கு, "ஒரு குறையும் இல்ல சார், நல்லாத்தான் இருக்கேன்" என்றார். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆய்வாளர் பத்து நிமிடத்தில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

4. "மனுதாரரின் கணவர் தாமாக நிமிர்ந்து அமர்கிறார், உபகரணம் அவசியமில்லை" என்று தங்கள் கடிதம் வந்தது. ஆய்வாளர் கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

5. காலை ஏழரைக்கு நான் வேலைக்குப் போகும்போது எந்தப் பக்கம் படுக்க வைக்கிறேனோ, மாலை ஆறுக்குத் திரும்பும்வரை அந்தப் பக்கமே கிடக்கிறார். இடது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். போர்வையை முறுக்கி ஜன்னல் கம்பியில் கட்டிக் கொடுத்தேன். கம்பியே பெயர்ந்து அவர் தோளில் விழுந்தது. புண் எலும்பைத் தொட்டால் பிழைப்பது கஷ்டம் என்கிறார் செவிலியர். அவரைத் தூக்கித் தூக்கி என் இடுப்பும் போய்விட்டது. அலுத்துவிட்டது ஐயா. அவர்மேல் சலிப்பில்லை, இன்னொரு படிவம் நிரப்பத்தான் தெம்பில்லை.

6. ஆகவே மறுபடியும் ஆய்வுக்கு ஆள் அனுப்ப வேண்டுகிறேன். இம்முறை எங்களுக்குச் சொல்லாமல் வரவேண்டும். வேலை நாளில், பகல் பதினொரு மணிக்கு வந்தால் நல்லது. நான் இருக்க மாட்டேன். சாவி எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கிறது. என் கணவர் நன்றாக இருப்பதாகத்தான் சொல்வார், நம்ப வேண்டாம். போர்வையை விலக்கிப் பார்க்கவும். வாய்விட்டு யாரிடமும் உதவி கேட்க மாட்டார் என்பதால், வருகிறவர் கிளம்பும் முன் அவரை ஒருமுறை மறுபக்கம் புரட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போகுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தொழிற்சாலைத் தையல் பிரிவு, உணவு இடைவேளை
நாள்: 14-ஆம் தேதி, செவ்வாய்

தங்கள் ஆளின் வருகைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
லாரி மெக்கானிக்கின் மனைவி