கிழக்கே பார்த்து நிறுத்திய கார்

1986, மார்கழி, சனிக்கிழமை இரவு

ஹீட்டர் பிளக் சூடேறாவிட்டால் இந்தக் குளிரில் டீசல் வண்டி கிளம்பாது. நானே மாற்றிவிடலாம் என்று காலையில் பானட்டைத் தூக்கினேன். முதல் பிளக்கைக் கழற்றினால் நுனி கருகியிருந்தது. இரண்டாவதும் அப்படியே.

இந்தப் பழைய காரை எனக்கு விற்றது மச்சான், சரசுவின் அண்ணன். "எப்பவும் கெழக்கப் பாத்தே நிறுத்துங்க மாப்ள, அதான் வண்டிக்கு ராசி" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். நானும் நம்பினேன். திருச்செங்கோட்டில் அவர் வாசலுக்குக் கிழக்கே நல்ல இறக்கம். பிரேக்கை விட்டால் வண்டி உருண்டே கிளம்பிவிடும். அந்த இறக்கம்தான் ராசி! என் வாசல் சமதரை. இரண்டு மாதமாகக் கிழக்கே பார்த்து நிறுத்திவிட்டு, விடிந்ததும் ஆள் பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது பிளக்கில் ஸ்பேனரை வைத்தபோது சரசு காபியோடு வந்தாள்.

"ஏனுங்க, நாலுமே கருகித்தானுங்க கெடக்குது. ஆடிக்கு அங்க போயிருந்தப்பவே அண்ணன் சொல்லுச்சு."

காபியை நான் வாங்கவில்லை.

ஐப்பசியில் இந்த வண்டி வீட்டுக்கு வந்த அன்று, ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்தவள் அவள்தான்.