சங்கு ஊதிய நாளில் உன் அம்மா

அன்பு மகள் தந்தினுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் குங்காவும் அந்தப் பெர்த் நகரத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க நம் மலைத்தெய்வம் துணை நிற்கட்டும். இங்கே அம்மாவின் இருமல் குறைந்திருக்கிறது, என் முழங்கால் சொன்னபடி கேட்கிறது, கன்று போட்ட யாக்குகள் நன்றாகக் கறக்கின்றன. என் மனசுதான் சரியில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு நான் ஏறி உன்னைக் கூப்பிட்டால், பின்னாலேயே அம்மா மூச்சு வாங்க வந்து போனைப் பிடுங்கி, “குங்காவுக்கு எத்தனை பல்லு, எப்ப வர்றீங்க” என்று ஆரம்பித்துவிடுகிறாள், அப்புறம் எனக்கு எங்கே பேச இடம். அதனால் அரிசி வாங்கக் குதிரைகளோடு கீழே புனாகா டவுனுக்கு இறங்குகிற பக்கத்து வீட்டுத் தாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அவன் அங்கே தபாலில் போடுவான்.

கோடையில் லீவு போட்டுப் பேரனோடு ஊருக்கு வருவதாகச் சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. காய்ந்தால் கல்லாகிற பாலாடைக்கட்டியைக் கோத்துக் கோத்து உத்தரம் முழுக்கத் தொங்கவிட்டிருக்கிறாள், பல் முழுக்க முளைக்காத பிள்ளை அதை எப்படிக் கடிக்கும் என்று கேட்டால் என் மேல் எரிந்து விழுகிறாள். எனக்கும் அவனைத் தூக்க ஆசை இல்லையா? ஆனால் நீ வரவேண்டாம் தந்தின். மேலே பனி ஏரியின் கரை இந்த வருஷம் கசிகிறது. உடைந்தால் தண்ணீர் முதலில் வருவது ஆற்றோரத்தில் இருக்கும் நம் வீட்டுக்குத்தான். அதிகாரிகள் வந்து அபாயச் சங்கு ஒன்றை நட்டுவிட்டு, அது ஊதினால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள், எதற்காகவும் திரும்பாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். எல்லோரும் தலையாட்டினோம், அம்மாவும்தான் ஆட்டினாள்.

போன வாரம் பட்டப்பகலில் அது ஊதியது. ஊரே ஓடியது, நானும் ஓடினேன், அம்மா முன்னால் போகிற பெண்களோடு இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு. மேட்டில் போய்ப் பார்த்தால் அவளைக் காணோம். தாவின் பெண்டாட்டி, “அக்கா பாதி வழியில திரும்பிப் போயிட்டாங்களே மாமா” என்கிறாள். நான் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்குள் போனால் உன் அம்மா பூசையறையில் நிற்கிறாள், சாமிக்குக் காலையில் வைத்துச் சாயங்காலம் கொட்டுகிற ஏழு கிண்ணத் தண்ணீரையும் வலது கோடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கொட்டி, துணியால் துடைத்து, கவிழ்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள்! ஆறு வருகிறதடி என்று கத்தினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், “சும்மா கத்தாத மனுஷா, நெறஞ்ச கிண்ணத்தை அப்படியே விட்டுட்டுப் போனா திரும்பி வர்றதுக்கு வீடு இருக்குமா?” என்றாள். உனக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. இழுத்தால் வரமாட்டாள் என்று தெரிந்து, நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு மிச்சக் கிண்ணங்களைத் துடைத்தேன், வேறு என்ன செய்ய. கடைசிக் கிண்ணத்தைக் கவிழ்க்கும்போது சங்கு நின்றது. சோதித்துப் பார்த்தவன் கை தவறி அழுத்திவிட்டானாம். நீ வந்திருக்கிற நாளில் இப்படி ஊதினால் அவள் கிண்ணத்துக்குத் திரும்புவாள், அவளை இழுக்க நீ திரும்புவாய், உன் முதுகில் குழந்தை இருப்பான். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதுவரை எழுதி மடித்து வைத்திருந்தேன். மழை விடாததால் தாவ் கிளம்பவில்லை, அதனால் மறுபடி பிரித்து எழுதுகிறேன். இன்று காலை சங்கு திரும்பவும் ஊதியது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அம்மா வெண்ணெய் கடைவதை நிறுத்தாமல், “மறுபடியும் கத்த ஆரம்பிச்சிருச்சு, அதுக்குப் பசி போல” என்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டாள். நான் மட்டும் ஓடினேன் தந்தின். குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த தாவ், “போறதுதான் போறீங்க அண்ணே, மேல என் யாக்கு ஒண்ணு காணாம போயிருக்கு, அதையும் பாத்துட்டு வாங்க” என்று கூவினான், ஊரே சிரித்தது. மேட்டில் தனியாக நின்று பார்த்தேன். நம் வீட்டுக் கூரையில் புகை வந்துகொண்டிருந்தது. அம்மா முற்றத்துக்கு வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து என்னைத் தேடிப் பிடித்து, சாப்பிட வா என்று கையசைத்தாள். சங்கு ஊதிக்கொண்டேதான் இருந்தது. இப்போது தண்ணீர் வந்தால் நான் பிழைத்துவிடுவேன், அவள் கையசைப்பதைப் பார்த்துக்கொண்டே பிழைத்துவிடுவேன் என்று தோன்றியது. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை, இறங்கி வந்துவிட்டேன். சங்கின் மின்கம்பிக்குள் மழைத்தண்ணீர் போய்விட்டதாம், அதனால் ஊதியதாம். தட்டில் போட்டதை உட்கார்ந்து சாப்பிட்டேன், மிளகாய் காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதனால் வரவேண்டாம் என்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். வா, ஆனால் புனாகாவோடு நின்றுவிடு. தினமும் சாயங்காலம் அம்மாவை மேட்டுக்குக் கூட்டி வந்து நிற்பேன், அப்போது அங்கிருந்து அவளுக்குப் போன் செய்து, குங்காவுக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், நீ இறங்கி வந்து பார் என்று சொல். பச்சைப்பிள்ளை மேல் பொய் சொல்லக்கூடாதுதான், அந்தப் பாவம் எனக்கே வரட்டும். பனிக்காலம் வராமல் யாக்குகளை விட்டு அவள் இறங்கியதில்லை, நான் காலில் விழுந்தாலும் இறங்கமாட்டாள். பேரனுக்காக இறங்குவாள், துணைக்கு நானும் வருவேன். யாக்குகளைத் தாவ் பார்த்துக்கொள்வான், பேசிவிட்டேன். கரை உறைந்து இறுகும் வரை அவளைத் திருப்பி அனுப்பாதே, இருமலைக் காட்ட வேண்டும், பிள்ளைக்குத் துணி தைக்க வேண்டும் என்று எதையாவது சொல்லிப் பிடித்து வை.

மாப்பிள்ளைக்கு என் ஆசி, பேரன் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம். இங்கே கோடை என்றால் அங்கே குளிர்காலமாமே, காதை மூடிக்கொள். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே டிக்கெட் போடு, நாளை பார்க்கலாம் என்று இருந்துவிடாதே. அப்பா பயப்படுகிறார் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லாதே, சிரித்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடுவாள்.

உன் அப்பா,
சென்சோ