தெருவைத் தாண்டிப் போகும் குழாய்

மாசி மாதம், வியாழன்.

பேரணாம்பட்டு ரோட்டில் தோல் பதனிடும் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் தெருவுக்கு இன்று என்னை அனுப்பினார்கள். அடுத்த முப்பது வருஷத் தேவைக்காக நாங்கள் போடும் குடிநீர்க் குழாய் அந்த வீடுகளின் வாசல் வழியாகத்தான் போகிறது. ஆனால் அங்கே யாருக்கும் இணைப்பு கிடையாது. அதைச் சொல்லிவிட்டு வர வேண்டியது என் வேலை.

ஷெட் கழிவில் கிணறுகள் கெட்டு, ஜனங்கள் காலி செய்துகொண்டே இருக்கிறார்கள். ஆள் குறைகிற இடத்துக்குத் திட்டத்தில் தண்ணீர் ஒதுக்க முடியாது. இது புரிய எத்தனை நேரம் வேண்டும்?

ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் மும்தாஜ் என்கிற அம்மா விடவே இல்லை.

“அப்ப இந்தத் தண்ணி யாருக்கு சார்?”

“மேல வர்ற புது லேஅவுட்டுக்கு.”

“அங்க ஒரு வீடு கூட இல்லியே, கல்லுதானே நட்டு வெச்சிருக்காங்க!”

“ஆளுங்க வருவாங்கம்மா.”

“நாங்க இப்பவே இருக்கோமே?”

“கணக்குப்படி நீங்க இருக்க மாட்டீங்க.”

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். “இன்னா சார், எங்களுக்கு நாள் குறிச்சிட்டுதான் வந்தீங்களா?”

எனக்குப் பேஜாராகிவிட்டது. நான் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கணக்கு அப்படித்தான் வருகிறது.

மும்தாஜ் சிரிக்கவில்லை. கிளம்பும்போது வண்டி வரைக்கும் கூடவே வந்தார்.

“பள்ளம் வெட்டுறப்பவாவது சொல்லி அனுப்புங்க சார். எங்க வூட்டுக்காரர் சும்மாதான் இருக்காரு, கூலிக்கு வருவாரு.”

பொக்லைன் வெட்டும், ஆள் தேவைப்படாது என்றேன்.