இல்லை என்று சொல்ல முடியாதவர்கள்

தூத்துக்குடி,
6-2-1946.

அன்புள்ள செண்பகத்துக்கு,

கர்த்தருடைய தயவால் நானும் தம்பி பர்னபாஸும் சுகம். போன வாரம் எதிர்வீட்டு ரேடியோவில் உன் பாட்டைக் கேட்டோம். இரண்டாம் பாட்டில் குரல் கொஞ்சம் களைத்திருந்ததுபோல் பட்டது. மெட்ராஸ் பனிக்கு மிளகுக் கஷாயம் குடி. ஏரலில் உன் வீட்டாரைக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு பார்த்தேன். எல்லோரும் நலம்.

பதினாறாம் தேதி நீ இங்கே பாடப்போவதை ஊர் முழுக்கச் சுவரொட்டி சொல்லுகிறது. உன் பெயருக்கடியில், சின்ன எழுத்தில், ‘முன்கச்சேரி: பர்னபாஸ் கிளாரினெட் செட்’. அதைப் பார்க்கவே பர்னபாஸ் மூன்று தடவை துறைமுக வாசல்வரை நடந்தான். கல்யாணத்துக்கும் கோயில் அசன விருந்துக்கும் வாசிக்கிற நாலு பேர். டிக்கட் வாங்கி வந்து உட்காருகிற சபையை அவர்கள் கண்டதில்லை. நீ என் வீட்டில் தங்கிய நாட்களில் அவன் வாசித்ததை ஞாபகம் வைத்துச் சொல்லியனுப்பியிருக்கிறாய் என்று நான் பூரித்துப்போனேன். நன்றி சொல்லி அப்போதே எழுத உட்கார்ந்தேன். எழுதாமல் விட்டது நல்லதாயிற்று.

மறுநாள் காண்ட்ராக்டர் வீரபாகு இரண்டு டிக்கட் கட்டோடு வந்தார். அறுபது பர்னபாஸுக்கு, நாற்பது எனக்கு. எனக்கு எதற்கு என்று கேட்டேன். “டீச்சரம்மா, செட்டுக்குப் பேசின கூலிய மேடையிலேயே தாரேன். ஆனா விக்காம நிக்கிற டிக்கட்டுக்கு அதுல கழிச்சிக்கிடுவேன். எல்லா ஊர்லயும் இதான் வழக்கம். மெட்ராஸ் அம்மாவே சொல்லிட்டாவ” என்றார். அப்படிக் கழித்தால் அந்த நாலு பேரும் வாசித்ததற்குத் தாங்களே கூலி கொடுத்த கணக்காகும். அதைச் சொன்னேன். சிரித்தார்.

இந்த ஊரில் யார் வாங்குவார்கள் என்று கேட்டதற்குச் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார். பர்னபாஸ் வேலை பார்க்கிற சர்க்கார் கிட்டங்கிக்குச் சங்கு கொண்டுவருகிறவர்கள். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பெற்றவர்கள். கீழே இன்னும் இரண்டு வரி. தலைப்பையும் விடாமல் வாசித்தார்: “இல்லை என்று சொல்ல முடியாதவர்கள்.”

செண்பகம், அந்தத் தலைப்பு உனக்கு நினைவிருக்கிறதா? பாளையங்கோட்டை ஹாஸ்டலில், கட்டட நிதி நாடகத்துக்கு நம் இருவர் தலையிலும் ஐம்பது டிக்கட் விழுந்த இரவு, நீ கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பால்காரர், முதல் வருஷத்துப் பெண்கள், துணி வெளுக்கிற முத்துக்கனி. தலைப்பு உன்னுடையது, கையெழுத்து என்னுடையது. முத்துக்கனி இரண்டு டிக்கட் வாங்கினாள். நாடகத்துக்கு வரவில்லை. திங்கட்கிழமை எப்போதும்போல் சேலைகளை மடித்துக் கொண்டுவந்து வைத்தாள். நாம் நம் சாமர்த்தியத்தை எண்ணிச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

வீரபாகு இதைத் தானாகவே யோசித்திருக்கலாம் என்று ஐந்தாறு நாளாக மனதைத் தேற்றிப் பார்க்கிறேன். டிக்கட் விற்கிறவர்கள் எல்லோருடைய புத்தியும் ஒரே வழியில் போகக்கூடும். ஆனால் அந்த வார்த்தைகளுமா?

இதற்குள் பர்னபாஸ் முந்திக்கொண்டான். சனிக்கிழமை கிட்டங்கிக்குத் தன் டிக்கட் கட்டை எடுத்துப் போய்விட்டான். அவன் வேலை உனக்குத் தெரியும். கடலில் மூழ்கி எடுத்துவரும் சங்கை அளவுப் பலகையில் வைத்துப் பார்ப்பான். சிறியது என்றால் அது கடலுக்கே திரும்பும், எடுத்தவனுக்குக் காசில்லை. அந்தப் பலகையைப் பிடித்த கை டிக்கட்டை நீட்டினால் யார் மறுப்பார்கள்? தொம்மை என்கிற கிழவர் நாலு வாங்கினார். அன்று அவர் சங்கில் ஒன்றும் தள்ளுபடியாகவில்லை. வரிசையில் நின்றவன் ஒருவன், “ஏலே பர்னபாசு, இனிமே சங்க எதுக்குலே அளக்க? டிக்கட்ட அளந்தா போதாதா?” என்று கேட்டானாம். எல்லோரும் சிரித்தார்களாம்.

தொம்மையின் சங்குகள் உண்மையிலேயே பெரியவை என்று தம்பி பைபிளைத் தொட்டுச் சொல்லுகிறான். நான் நம்புகிறேன். வேறு யாரும் நம்பவில்லை. பதின்மூன்று வருஷம் ஒரு பழிச்சொல் கேளாத மனிதன். இன்று அவன் பலகையைத் தூக்கினால் எல்லோர் கண்ணும் அவன் விரலில் இருக்கிறது. சூப்பிரண்டு விளக்கம் கேட்டிருக்கிறார். அடுத்த புதன்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை நிற்குமா போகுமா தெரியாது. ஆனாலும் மாலையானால் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். “எக்கா, அவிய காதுல இது விழ வேண்டாம். பாட வாரவங்க மனசக் கெடுக்காத” என்கிறான். அவனுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

என் பங்கு நாற்பதும் பள்ளிக்கூட அலமாரியில், சாக்கட்டிப் பெட்டிக்குப் பின்னால் கிடக்கின்றன. ஒன்றும் விற்கவில்லை. நாளை திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். எங்களைத் தேர்ந்தெடுத்தபோது உன் ஞாபகத்தில் இருந்தது தம்பியின் வாசிப்பா, அவன் கையிலிருக்கும் பலகையா? உனக்கு ஒன்றுமே தெரியாது என்றால் வீரபாகுவுக்கு ஒரு தந்தி அடி. டிக்கட் விற்றாலும் விற்காவிட்டாலும் பேசின கூலி முழுதாகத் தர வேண்டும், வாங்கியவர்கள் கேட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று. அது புதனுக்குள் வந்தால் தம்பி அதையும் சேர்த்துச் சூப்பிரண்டிடம் காட்டுவான். தெரியும் என்றால் அதையும் நீயே எழுது. காண்ட்ராக்டர் வாயால் எனக்குப் பதில் வேண்டாம்.

எப்போதும்போல் நீ என் வீட்டில்தான் இறங்க வேண்டும். உன் கட்டிலுக்குப் புது உறை தைத்துவிட்டேன். உனக்குப் பிடித்த சீலா மீனுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். கச்சேரிக்கு முன்பே வா, பின்பு வேண்டாம்.

எனக்கென்று ஒரு டிக்கட் வாங்கிவிட்டேன். வீரபாகு தந்த நாற்பதிலிருந்து எடுக்கவில்லை. கொட்டகை வாசலில் வரிசையில் நின்று, யாரும் கேட்காமல் வாங்கினேன். இல்லை என்று சொல்லக்கூடிய ஒருத்தியாவது உன் பாட்டைக் கேட்க முன்வரிசையில் இருக்கட்டும்.

கர்த்தர் உன் குரலைக் காப்பாராக.

என்றும் உன்,
ஜீவமணி